பச்சை மலையின் பன்னீர் அடுப்பு

நம் இல்லங்களில் பன்னீருக்கென ஓர் இடம் என்றும் உண்டு. திருமண வாசலில் வந்தோரை வரவேற்கும் பன்னீர்ச் செம்பு, மவ்லூது மஜ்லிஸில் கைகளில் தெளிக்கப்படும் துளிகள், நோன்புக் காலத்துச் சர்பத்தில் கலக்கும் ஒரு கரண்டி என்று அதன் மணம் நம் வாழ்வோடு இழைந்தே வருகிறது. மக்காவில் புனித கஅபாவைக் கழுவும் வேளையில் ஸம்ஸம் நீருடன் கலக்கப்படுவதும் பன்னீரே. நறுமணத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள், யாரேனும் அன்பளிப்பாகத் தந்தால் மறுக்கமாட்டார்கள் என்பதை நாம் அறிவோம். எனினும் அந்த மணநீர் எவ்வாறு பிறக்கிறது, அதன் பின்னே எத்துணை உழைப்பும் எவ்வளவு தண்ணீரும் இருக்கின்றன என்பதை நம்மில் எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஓமான் நாட்டின் ஜபல் அக்தர் மலையில் ஒரு வீட்டுப் பன்னீர் அடுப்பின் அருகே ஒரு பகல் முழுவதும் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

வாழைக்குளத்திலிருந்து மலைக்கு

தலைநகர் மஸ்கட்டிலிருந்து நிஸ்வா செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு சென்றால் மலையடிவாரத்தில் பிர்கத்துல் மவ்ஸ் என்னும் ஊர் வருகிறது. ‘வாழைக்குளம்’ என்பது அப்பெயரின் பொருள். பேரீச்சந் தோப்புகளுக்கிடையே வாழையும் செழித்திருக்கும் அவ்வூரை விட்டு மலை ஏறத் தொடங்கியதும் சாலை செங்குத்தாகிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளை மட்டுமே காவலர்கள் மேலே செல்ல அனுமதிக்கின்றனர். மஸ்கட்டில் பணிபுரியும் எம் தம்பியின் நண்பருக்கு அத்தகைய வண்டி இருந்தமையால் பயணம் எளிதாயிற்று.

ஜபல் அக்தர் என்றால் ‘பச்சை மலை’. ஆனால் ஏறும் வழியெங்கும் கண்ணுக்குத் தெரிவது வறண்ட சாம்பல் நிறப் பாறைகளே. “காக்கா, பச்சை எங்கே என்று தேடாதீர்கள், அது ஒளிந்திருக்கும்” என்றார் தம்பி. சுமார் 2000 மீட்டர் உயரத்தில் சைக் சமவெளியை அடைந்து, மலை விளிம்பில் உள்ள அல்-அக்ர், அல்-அய்ன், அஷ்-ஷுரைஜா ஆகிய சிற்றூர்களை நோக்கி நின்றபோதுதான் அச்சொல்லின் உண்மை விளங்கிற்று. பள்ளத்தாக்கின் சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட சிறு சிறு பாத்திகள், அவற்றில் மாதுளை, அக்ரோட், பாதாம் மரங்கள், இவற்றிற்கிடையே இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்கும் ரோஜாச் செடிகள். மார்ச் இறுதியில் தொடங்கி மே மாத நடுப்பகுதி வரை இந்த மலர்க் காலம் நீடிக்கிறது. டமாஸ்கஸ் ரோஜா என உலகம் அழைக்கும் இனம் இது. பாரசீகத்திலிருந்து இம்மலைக்கு வந்ததென்பர்.

பொழுது புலருமுன் தொடங்கிப் பூப்பறிக்கிறார்கள். வெயில் ஏற ஏற இதழ்களின் மணம் காற்றோடு போய்விடும் என்பதே காரணம். ஃபஜ்ர் தொழுகை முடித்த முதியவர்களும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் துணிப்பைகளைத் தோளில் மாட்டிக் கொண்டு பாத்திகளில் இறங்குகின்றனர். அன்று பறித்த மலர் அன்றே அடுப்பேறிவிட வேண்டும்.

மூடிமேல் நீர்

எம்மை வரவேற்ற பெரியவரின் வீட்டை ஒட்டி, தாழ்ந்த கூரையுடைய ஒரு மண்ணறை. மின்சாரமும் நல்ல சாலையும் இவ்வூர்களுக்கு வந்து விட்டன. ஆயினும் அவ்வறைக்குள் கம்பியும் இல்லை, குழாயும் இல்லை. சுவரோரமாக மண்ணாலும் கல்லாலும் கட்டப்பட்ட நீண்ட அடுப்பு. அதன் மேல் வரிசையாக நான்கு குழிகள். கீழே ஒரு வாய் வழியே விறகு தள்ளப்படுகிறது. பல தலைமுறைப் புகையால் சுவர்கள் கருமையேறியிருந்தன.

பன்னீர் வடிக்கும் முறையை நம் சகோதரிகளுக்கு எளிதில் விளக்கிவிடலாம். சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாய் நீர் ஒட்டியிருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? அதுவே இக்கலையின் அடிப்படை. குழியில் பதித்த பானையில் கைப்பிடி கைப்பிடியாக ரோஜா இதழ்களை இட்டுச் சிறிது தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதன் நடுவே ஒரு சிறு செம்புப் பாத்திரம் வைக்கப்படுகிறது. பானையின் வாயில் அடிப்புறம் குவிந்த ஒரு செம்புச் சட்டியை அமர்த்தி, இடுக்கில் ஈரத்துணி சுற்றி அடைத்து, அச்சட்டி நிறையக் குளிர்ந்த நீரை ஊற்றுகின்றனர். கீழே தீ எரிய, மணம் கலந்த ஆவி மேலெழுந்து குளிர்ந்த செம்பின் அடியில் மோதி நீராகிறது. குவிந்த அடிப்புறத்தின் வழியே துளிகள் நடுவில் வந்து கூடி, உள்ளே வைத்த பாத்திரத்தில் சொட்டுகின்றன. அதுவே பன்னீர்.

பிரியாணிக்குத் தம் போடும்போது மாவால் ஒட்டி மூடிமேல் நெருப்பு வைக்கிறோம். இங்கோ மூடிமேல் நீர் வைக்கப்படுகிறது. கீழிருப்பது தீ, மேலிருப்பது நீர், இரண்டிற்கும் இடையே பிறப்பது நறுமணம்.

ஓர் ஈடு இறங்கச் சுமார் 3 மணி நேரம் ஆயிற்று. அந்நேரம் முழுவதும் பெரியவரின் கவனம் தீயில் இருந்ததைவிட மேற்சட்டியின் நீரிலேயே மிகுதியாக இருந்தது. அவ்வப்போது விரல் நுனியை அதில் தோய்ப்பார். விரல் பொறுக்கும் சூடு என்றால் விட்டுவிடுவார். பொறுக்காத சூடு என்றால் உடனே அந்நீரை முகந்தெடுத்துவிட்டு மண்சாடியிலிருந்து குளிர்நீர் வார்ப்பார். “விறகைப் பையனும் தள்ளுவான், யா உஸ்தாத்! நீர் மாற்றும் நேரம் அறிந்தவனே பன்னீர் எடுப்பவன்” என்றார் அவர்.

காரணம் எளிதே. மேலுள்ள நீர் கொதிநிலையை நெருங்கிவிட்டால் ஆவி குளிர்வதற்கு இடமில்லை. அது துணியிடுக்கின் வழியே வெளியேறி அறையெங்கும் மணக்கும். பாத்திரத்தில் ஏதும் சேராது. அறை மிகவும் மணந்தால் அன்று நட்டம் என்று அவர் சிரித்துக் கொண்டே சொன்னதில் ஆழ்ந்த உண்மை இருந்தது.

ஒரு லிட்டருக்கு எத்தனை லிட்டர்?

அடுப்பருகே இருந்த பெரியவரின் மகன் மஸ்கட்டில் தொழில்நுட்பம் பயின்று அங்கேயே பணியாற்றுபவர்; மலர்க் காலத்தில் விடுப்பெடுத்து வந்திருந்தார். தந்தை விரலால் அறிவதை அவர் கணக்கால் எமக்கு விளக்கினார்.

நீர் ஆவியாகும்போது பெரும் வெப்பத்தை உள்வாங்கிக் கொள்கிறது. அந்த ஆவி மீண்டும் நீராகும்போது அவ்வளவு வெப்பத்தையும் திருப்பித் தந்தாக வேண்டும். ஒரு லிட்டர் நீருக்குரிய ஆவி வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 540 கிலோ கலோரி. மேற்சட்டியின் நீர் 20 பாகையிலிருந்து 60 பாகை வரை சூடேறும்போது லிட்டருக்கு 40 கிலோ கலோரியையே ஏற்கும். ஆகவே ஒரு லிட்டர் பன்னீர் வடிக்க 13 அல்லது 14 லிட்டர் குளிர்நீர் தேவை. வடிந்த நீரும் ஆறவேண்டும் என்பதைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். அவ்வீட்டில் ஒரு பானைக்கு முக்கால் லிட்டர் அளவில் பன்னீர் இறங்கியது. அரை மணிக்கொரு முறை என 5 தடவை நீர் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 3 லிட்டர். 4 பானைக்கும் சேர்த்து ஓர் ஈட்டுக்கு 60 லிட்டர். நாளொன்றுக்கு 3 ஈடு என்றால் 180 லிட்டர். நம் ஊர்க் கணக்கில் 15 குடம்!

மலர் சில பைகள், பன்னீர் சில போத்தல்கள். ஆனால் அதற்கு 15 குடம் குளிர்நீர். மழை அரிதான நாட்டில், மலையுச்சியில், அந்நீர் எங்கிருந்து வருகிறது? இவ்வீட்டின் உண்மையான கதை அங்கேதான் தொடங்குகிறது.

முறைநீரின் ஒழுங்கு

ஓமானின் கிராமங்களுக்கு உயிரளிப்பவை ‘ஃபலஜ்’ எனப்படும் நீர்வாய்க்கால்கள். ஊற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ மலை ஓடையிலிருந்தோ நீரை எடுத்து, இயந்திரம் ஏதுமின்றி, நிலத்தின் சரிவை மட்டுமே துணையாகக் கொண்டு மைல் கணக்கில் நடத்திச் செல்லும் ஏற்பாடு இது. இத்தகைய 3000 வாய்க்கால்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் ஐந்தினை யுனெஸ்கோ நிறுவனம் 2006ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மலையடிவாரத்து பிர்கத்துல் மவ்ஸில் ஓடும் ஃபலஜுல் கத்மைன் அவ்வைந்தில் ஒன்று.

இவ்வாய்க்கால்களின் அழகு அவற்றின் கட்டுமானத்தில் மட்டுமல்ல, பங்கீட்டிலும் இருக்கிறது. ஊற்றுக்கு அண்மையில் நீர் குடிப்பதற்கு. அடுத்துப் பள்ளிவாசலில் ஒளூச் செய்வதற்கும் குளிப்பதற்கும். அதன் பின்னரே தோட்டங்களுக்கு. தோட்டங்களுக்குரிய நீர் நேரத்தால் பங்கிடப்படுகிறது. அரை மணி நேரம் கொண்ட பங்கிற்கு ‘அதர்’ என்று பெயர். பகலில் நட்ட கோலின் நிழலாலும் இரவில் விண்மீன்களின் எழுச்சியாலும் அதனை அளந்து வந்தனர். நம் டெல்டா மாவட்டங்களில் முறைநீர் வைத்துப் பாய்ச்சிய முன்னோரை இது நினைவூட்டும். தன் முறை முடிந்ததும் மடையை அடைத்துவிட வேண்டும். ஒரு கணம் அதிகமானாலும் அது அண்டை வீட்டாரின் ஹக்.

பெரியவரின் வீட்டு மண்சாடிகள் அவர் முறை வரும் நாளில் நிரப்பப்படுகின்றன. இரவின் குளிரில் சாடிகள் தாமே குளிர்ந்துவிடும். மண்ணின் நுண்துளை வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் மேலும் குளிர்கிறது. நம் வீட்டு மண்பானைத் தண்ணீரின் இரகசியமும் அதுவே. மேற்சட்டியிலிருந்து எடுத்த சுடுநீரில் ஒரு சொட்டும் வீணாவதில்லை. பாத்திரம் கழுவவும் குளிக்கவும் ஒரு பகுதி. எஞ்சியது ஒரு தொட்டியில் ஆறி, மாலையில் மாதுளை மரங்களின் வேருக்கு. ஓடும் ஆற்றின் கரையில் ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்ற கருத்துடைய நபிமொழியை மதரஸாவில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுக்கிறோம். அங்கே அது ஓர் அடுப்படியின் அன்றாட வழக்கமாக இருப்பதைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தது.

அன்பீக் என்னும் பழைய கருவி

வடித்தல் என்றதும் நம் நாட்டில் பலருக்குக் கள்ளச்சாராயம் நினைவுக்கு வருவது வேதனையே. அதே கருவியை நோய் தீர்க்கும் மருந்துக்கும் மனம் மகிழும் மணத்திற்கும் வளர்த்தெடுத்தவர்கள் முஸ்லிம் அறிஞர்கள். கிரேக்கர்களின் ‘அம்பிக்ஸ்’ அரபியில் ‘அல்-அன்பீக்’ ஆகி, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளில் ‘அலெம்பிக்’ ஆயிற்று. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்-கிந்தி, நறுமணப் பொருள்களையும் வடித்தலையும் பற்றித் தனி நூலே இயற்றினார்; நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. 1327இல் மறைந்த அத்-திமிஷ்கீ, டமாஸ்கஸை அடுத்த அல்-மிஸ்ஸா என்னும் ஊரில் பன்னீர் வடித்த உலைகளைத் தம் நூலில் விவரித்துள்ளார். தமிழ் மருத்துவ மரபில் இக்கருவிக்கு ‘வாலை’ என்பது பெயர்.

எல்லா ஊர்களிலும் சிக்கல் ஒன்றே: ஆவியை எப்படிக் குளிர்விப்பது? விடைகள்தாம் வேறு வேறு. துனீசியாவின் நாபில் நகரத்து இல்லங்களில் ஆரஞ்சுப் பூ வடிக்கும் பெண்கள், வாலையின் தலையிலுள்ள நீரைக் கையாலேயே மாற்றுகிறார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் ‘தேக்’ எனப்படும் பெரிய செம்புப் பானையிலிருந்து மூங்கில் குழாய் வழியே ஆவி இறங்கி, நீர்த்தொட்டியில் அமிழ்த்தப்பட்ட ‘பப்கா’ என்னும் கூஜாவினுள் குளிர்கிறது. தொட்டி நீர் சூடேறினால் அதனை மாற்றுவார்கள். ஈரானில் காஷானை அடுத்த கம்ஸரில், பன்னீர் சேரும் கலங்களைக் குளிர்ந்த நீருள் அமர்த்தும் வழக்கம் உண்டு. எங்கும் மின்சாரத்தின் துணையின்றி, நீரின் இயல்பை அறிந்தே மனிதன் வழி கண்டிருக்கிறான்.

தந்தையும் மகனும்

லுஹர் தொழுகைக்குப் பின் காவாவும் பேரீச்சம் பழமும் வந்தன. அப்போது தந்தைக்கும் மகனுக்கும் இடையே பல நாள்களாக நடந்துவரும் ஒரு பேச்சு எம் முன்னிலையிலும் தொடர்ந்தது.

மகனின் விருப்பம், எரிவாயு அடுப்பும் எஃகு வாலையும் வைத்து, வாய்க்காலில் ஒரு மோட்டார் பொருத்தி, குழாய்ச் சுருள் வழியே இடைவிடாது நீரை ஓட்டிக் குளிர்விப்பது. அத்தகைய வாலைகள் இம்மலைக்கு வந்துவிட்டன. அவற்றில் இறங்கும் பன்னீர் தெளிந்த நிறமுடையது, புகை மணம் இராது, உழைப்பும் குறைவு. விறகு வெட்டுவதும் குறையும். மலைமரங்கள் மெல்ல வளர்பவை. அவற்றை வெட்டி எரிப்பது நெடுநாள் தாங்காது என்று மகன் கூறியதில் நியாயம் இருந்தது.

பெரியவர் எஃகையும் எரிவாயுவையும் மறுக்கவில்லை. அவர் மறுத்தது மோட்டாரை. “மடை திறந்தால் ஊரார் கண்ணுக்குத் தெரியும். குழாயில் உறிஞ்சினால் யார் அறிவார்? கீழேயுள்ள விதவையின் பாத்தி காய்ந்த பிறகுதான் தெரியும்” என்றார். மழை குறைந்த ஆண்டுகளில் வாய்க்கால் நூலாக மெலிந்து, சில பாத்திகள் கைவிடப்பட்டதை அவர் தம் கண்ணால் கண்டவர். நீரும் மேய்ச்சலும் நெருப்பும் மக்கள் அனைவருக்கும் பொதுவானவை என்ற கருத்தில் அமைந்த நபிமொழி எம் நினைவில் எழுந்தது. நீரையும் நெருப்பையும் ஒருசேர ஆளும் தொழிலில் உள்ளவருக்கு அதைவிடப் பொருத்தமான அறிவுரை ஏது?

மகன் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு ஒரு தாளில் புதுக் கணக்கொன்றை எழுதிக் காட்டினார். குளிர்விக்கும் நீர் செலவாவதில்லை, சூடு மட்டுமே ஏறுகிறது. ஆகவே அதே நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். நாளொன்றுக்கு 9 லிட்டர் பன்னீர் வடித்தால் வெளியாகும் வெப்பம் சுமார் 5200 கிலோ கலோரி. 1000 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியில் அவ்வெப்பத்தை விட்டால் நீரின் சூடு ஏறத்தாழ 5 பாகையே உயரும். மலையின் இரவுக் குளிர் அதனை மீண்டும் தணித்துவிடும். தொட்டியைக் குழாய்ச் சுருளைவிட உயரத்தில் அமைத்தால் மோட்டாரும் வேண்டாம். சூடான நீர் இலேசாகித் தானே மேலேறும், குளிர்ந்த நீர் கனத்துத் தானே கீழிறங்கும். தொட்டியைத் தம் முறைநாளில் ஒரு தடவை நிரப்பினால் போதும். மலர்க் காலம் முடிந்ததும் அந்நீர் மாதுளைக்குப் போய்விடும். யாருடைய பங்கும் குறையாது.

பெரியவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “தொட்டி கட்டு” என்றோ “வேண்டாம்” என்றோ சொல்லவில்லை. “நிரப்ப நம் முறை எத்தனை அதர் பிடிக்கும்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியோடு மீண்டும் அடுப்பறைக்குள் சென்றுவிட்டார். மேற்சட்டியின் நீர் மாற்றும் நேரம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அடுத்த மலர்க் காலத்தில் தொட்டி எழுமா, மண்சாடியே தொடருமா என்பதை அவர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். எம் உள்ளத்தில் தைத்ததோ, அக்கேள்வியில் வெளிப்பட்ட அச்சமே. அது நட்டத்தைப் பற்றிய அச்சமன்று. அடுத்தவர் ஹக்கைப் பற்றிய அச்சம்.

நாம் பெற வேண்டியது

புதிதாய் இறங்கிய பன்னீரை உடனே விற்பதில்லை. சாடிகளில் ஊற்றி, கசடு அடியில் தங்கும்வரை வாரக் கணக்கில் வைத்திருந்து, தெளிவை மட்டும் போத்தல்களில் நிரப்புகிறார்கள். விறகுப் புகையின் மெல்லிய சாயலும் இலேசான பழுப்பு நிறமும் அதன் அடையாளங்கள். ஓமானியர் அதனைக் காவாவிலும் ஹல்வாவிலும் சேர்ப்பர். தலைவலிக்கு நெற்றியில் தடவுவர். விருந்தினர் விடைபெறும்போது கையில் தெளிப்பர்.

நம் ஊர்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பள்ளிவாசல் ஹவுளில் முகந்து ஒளூச் செய்த காலம் போய், குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக் கொண்டே ஒளூச் செய்யும் காலம் வந்துவிட்டது. ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணறு ஆழமாக ஆழமாக, அடுத்த வீட்டுக் கிணறு வற்றுகிறது. பூமிக்குள்ளே நடப்பதாகையால் யாரும் யாரையும் கேட்பதில்லை. “குழாயில் உறிஞ்சினால் யார் அறிவார்?” என்று அம்மலைவாசி கேட்டது நம்மையும் நோக்கித்தான். அறிபவன் ஒருவன் இருக்கிறான் என்பதே நம் ஈமான்.

ஒளூச் செய்த நீரைச் சாக்கடையில் விடாமல் பள்ளிவாசல் தென்னைக்குத் திருப்பலாம். மழைநீரை மண்ணுக்குள் இறக்கலாம். மோட்டார் போடும்முன் அண்டை வீட்டாரின் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. முறை அறிந்து எடுப்பதும், எடுத்ததை இருமுறை பயன்படுத்துவதும் போதும்.

அளவின்றி அருள்பொழியும் வல்ல அல்லாஹ், தான் வழங்கிய நீரை அளவறிந்து பயன்படுத்தும் நல்லறிவையும், பிறர் ஹக்கைப் பேணும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.